ஓஎஸ் போகல, கேம்தான் ஓடல

என் போன் கேலரியில் ஒரு படம் இருக்கிறது. 2018-ல் ஏற்காடு மலை வாழவந்தியிலிருந்து அக்கா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. லேப்டாப் ஸ்கிரீனைச் சாய்வாகப் போனில் பிடித்திருக்கிறான். நடுவில் ஒரு சின்ன எரர் பெட்டி, அதற்குப் பின்னால் பாதி தெரிகிற ஒரு ஃபோல்டர். படத்துக்குக் கீழே, "மாமா இது என்னா? பஸ் கேம் ஓட மாட்டேங்குது" என்று கேட்டிருந்தான். அப்போது அவன் ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். நான் சென்னையில் ஒரு ரிலீஸ் வேலையில் மாட்டியிருந்தேன். படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல், "கடைல குடுத்துப் பாருடா" என்று பதில் போட்டேன்.

கடையில் குடுத்தார்கள். "ஓஎஸ் போயிருச்சு, ஃபார்மேட் பண்ணணும்" என்றார்களாம். பண்ணிவிட்டார்கள்.

அந்த லேப்டாப் அவனுடையது இல்லை, அவன் அக்காவுடையது. 2012-ல் ப்ளஸ் டூ படிக்கும்போது பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அதில் வந்தது. ஆன் செய்தால் முதலில் ஒரு பட்டியல் வரும், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பாஸ் என்பது சி-டாக் உருவாக்கிய, டெபியன் வழியில் வந்த நம் நாட்டு லினக்ஸ். மலைமேல் பல வீடுகளுக்கு முதன்முதலில் வந்த கம்ப்யூட்டர் இதுதான். அக்கா வீட்டுக்கும் அப்படித்தான். அதனால் வீட்டில் எது டிஜிட்டலாக இருந்ததோ எல்லாம் அதற்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

அதில் பிள்ளைகளின் தாத்தா பேச்சும் இருந்தது. அக்காவின் மாமனார். காபி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். எந்தப் பாதை எங்கே போகும், அந்தப் பக்கத்துக் காட்டுக்கு எஸ்டேட் ஆட்கள் வைத்த பெயர் என்ன, எந்த வருஷ மழையில் எந்தச் சரிவு இறங்கியது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பார். ஊர்ப்பெயர், மலைப்பாதை என்று நான் குறிப்பு எடுக்கிற ஆள் என்பதால், "இதையெல்லாம் ரெக்கார்ட் பண்ணி வைம்மா, நான் வந்து வாங்கிக்கறேன்" என்று மருமகளிடம் சொல்லியிருந்தேன். அவளும் 2014-ல் தன் சின்ன போனில் பதினான்கு துண்டு பதிவு செய்து டி ட்ரைவில் போட்டு வைத்தாள். நான் போய் வாங்கவே இல்லை. தாத்தா 2016-ல் போய்விட்டார். கடைக்காரர் சி, டி இரண்டையும் சேர்த்து ஒரே பார்ட்டிஷனாக்கிப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தார். பாஸ் லினக்ஸும் போயிற்று.

போன மே மாதம் லீவில் வாழவந்தி போயிருந்தபோது அந்தப் படத்தைத் தேடி எடுத்து, ஏழு வகுப்புப் பிள்ளை கேட்ட கேள்விக்கு முதன்முறையாக ஒழுங்காகப் பதில் கண்டுபிடித்தேன். பத்து நிமிஷ வேலை. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது. கேம் ஓடாதபோது வரும் எரர்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன்.

ஒரு கேமை டபுள் கிளிக் செய்ததும் அது நேராக ஓடத் தொடங்கிவிடாது. முதலில் விண்டோஸில் லோடர் என்ற பகுதி அந்த இஎக்ஸ்இ ஃபைலைத் திறந்து படிக்கும். ஃபைலின் முகப்பில் ஒரு பட்டியல் இருக்கும்: "நான் ஓட வேண்டுமென்றால் இன்னின்ன டிஎல்எல் ஃபைல்கள் வேண்டும்." கணக்குப் போடுவது, ஒலி எழுப்புவது, முப்பரிமாணப் படம் வரைவது போன்ற பொது வேலைகளை ஒவ்வொரு கேமும் தனியாக எழுதிக்கொள்வதில்லை. டிஎல்எல் என்ற பொது நூலகங்களில் இருந்து கடன் வாங்கிக்கொள்ளும். தாத்தா பாஷையில் சொன்னால், லோடர்தான் மேஸ்திரி. காலையில் சீட்டை வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுவார். சீட்டில் இருக்கிற அத்தனை பேரும் வந்தால்தான் அன்றைக்கு வேலை தொடங்கும். ஒருத்தர் குறைந்தாலும், இன்னார் வரவில்லை என்று சொல்லி மொத்த வேலையையும் நிறுத்திவிடுவார்.

"எம்எஸ்விசிபி100.டிஎல்எல் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, அதனால் புரோகிராம் தொடங்க முடியவில்லை" என்று வருகிற பெட்டி அதுதான். கேமின் ஒரு வரி கூட இன்னும் ஓடவில்லை. ஓஎஸ் தன் வேலையைச் சரியாகச் செய்து, யார் வரவில்லை என்று பேரோடு சொல்லியிருக்கிறது. பெட்டி விண்டோஸிலிருந்து வருவதால் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று நினைக்கிறோம். தபால்காரர் கொண்டுவந்த செய்திக்குத் தபால்காரரையே அடிக்கிற மாதிரி.

பிள்ளைக்கு முதலில் வந்தது இந்த எம்எஸ்விசிபி100 எரர்தான் என்று இப்போது அவனே சொன்னான். அவன் என்ன செய்திருக்கிறான் என்றால், அந்தப் பெயரை அப்படியே கூகிளில் போட்டு, டிஎல்எல் ஃபைல்களைத் தனித்தனியாகக் கொடுக்கும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி, கேம் ஃபோல்டரில் போட்டிருக்கிறான். உலகம் பூராவும் எல்லாரும் செய்வதுதான். அதற்குப் பிறகுதான் எனக்குப் படம் அனுப்பியிருக்கிறான். படத்தில் இருந்தது இரண்டாவது எரர்: "0எக்ஸ்சி000007பி".

இந்த எண்ணை நான் சுருக்கமாக 7பி என்பேன், பஸ் நம்பர் மாதிரி. முன்னால் வரும் பூஜ்யமும் எக்ஸும், இது ஹெக்ஸாடெசிமல் எண் என்பதற்கான அடையாளம் மட்டுமே. அடுத்த 'சி'-க்கு அர்த்தம் உண்டு. அதை பைனரியில் எழுதினால் 1100. முதல் இரண்டு இடமும் 1 என்றால், விண்டோஸ் கணக்கில் "இது எச்சரிக்கை இல்லை, பிழை" என்று பொருள். அதனால்தான் இந்த வகை எரர்கள் எல்லாம் சி-யில் தொடங்குகின்றன. கடைசி எழுத்துகள்தான் என்ன பிழை என்று சொல்வது. 7பி என்றால் "ஃபைல் கிடைத்தது, ஆனால் அதன் வடிவம் எனக்கு ஒத்துவராது". கேம் எரர்களில் பத்துக்கு ஒன்பது முறை இதன் அர்த்தம் 32 பிட்டும் 64 பிட்டும் கலந்துவிட்டது என்பதுதான். மேஸ்திரி சீட்டில் உள்ள பேர் கொண்டவர் வந்திருக்கிறார், ஆனால் அவர் வேறு எஸ்டேட்காரர்.

விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டுமே வந்தது. (டெஸ்க்டாப் படத்தைக் கூட அதில் மாற்ற முடியாது. மலையில் அந்த வருஷம் லேப்டாப் வாங்கிய பிள்ளைகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்துக்காக எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டார்கள்!) அந்த பஸ் கேமும் 32 பிட். பிள்ளை இறக்கியது? அதற்குத்தான் படத்தைப் பெரிதாக்கினேன். எரர் பெட்டிக்குப் பின்னால் தெரிந்த ஃபோல்டரில், கேமுக்குப் பக்கத்திலேயே எம்எஸ்விசிபி100 இருக்கிறது. அதற்கு நேரே ஃபைல் அளவும் தெரிகிறது, கிட்டத்தட்ட 600 கேபி. இந்த ஃபைலின் 32 பிட் வடிவம் சுமார் 400 கேபிதான் இருக்கும். 600 பக்கம் இருப்பது 64 பிட். எல்லாமே அந்தப் படத்துக்குள் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

அளவை வைத்து ஊகிக்காமல் நேராகப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. எந்த இஎக்ஸ்இ-யையோ டிஎல்எல்-லையோ நோட்பேடில் திறங்கள். குப்பையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். சேவ் மட்டும் பண்ணிவிடாதீர்கள். முதல் இரண்டு எழுத்து எம், இஸட் என்று இருக்கும். அது மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற பழைய மைக்ரோசாஃப்ட் எஞ்சினியரின் இனிஷியல். டாஸ் காலத்தில் அவர் வைத்தது இன்றைக்கும் ஒவ்வொரு கேமின் நெற்றியிலும் இருக்கிறது. கொஞ்சம் கீழே பி, இ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து வரும். அதை அடுத்து பெரிய 'எல்' வந்தால் 32 பிட். சிறிய 'டி' வந்தால் 64 பிட். எந்த சாஃப்ட்வேரும் இறக்க வேண்டாம்.

ஆக, 2018-ல் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: இறக்கிய அந்த ஒரு ஃபைலை டெலிட் செய்வது. பழைய எரர் திரும்ப வரும். அந்த எம்எஸ்விசிபி100 எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, விஷுவல் சி++ 2010 ரன்டைம் என்ற மைக்ரோசாஃப்டின் இலவசப் பொதியின் 32 பிட் வடிவத்தைப் போடுவது. முடிந்தது.

இதில் எனக்கு ஆறாத விஷயம் இன்னொன்று. ஃபார்மேட் செய்து வந்த லேப்டாப்பில் பிள்ளை மறுபடி அதே கேமைக் காப்பி செய்து ஓட்டிப் பார்த்திருக்கிறான். முதலில் வந்த எம்எஸ்விசிபி100 இல்லை என்ற எரரே திரும்ப வந்திருக்கிறது. வராமல் எப்படி இருக்கும்? புதிதாகப் போட்ட விண்டோஸில் அந்த ஃபைல் இருக்கவே இருக்காது. அது விண்டோஸோடு வருவதில்லை, அதைக் கேட்கிற கேமோடுதான் வர வேண்டும். நாலு வருஷம் ஓட்டிய கம்ப்யூட்டரிலாவது வேறு ஏதாவது சாஃப்ட்வேர் புண்ணியத்தில் அது உள்ளே வந்திருக்க வாய்ப்புண்டு. "டிஎல்எல் இல்லை" என்ற எரருக்கு ஃபார்மேட் மருந்தே இல்லை. இருந்ததையும் எடுத்துவிடும்.

2019-ல் அந்த ஹார்ட் டிஸ்க்கைச் சென்னைக்கு எடுத்துவந்து ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஒரு ராத்திரி ஓட்டினேன். பெயர்தான் ஃபோட்டோ, எல்லா வகை ஃபைலையும் தேடும். ஃபார்மேட் செய்யும்போது பெரும்பாலும் அழிவது ஃபைல்களின் அட்டவணைதான். உள்ளடக்கம் மேலே வேறு எதுவும் எழுதப்படும் வரை டிஸ்க்கிலேயே கிடக்கும். ஃபோட்டோரெக் அட்டவணையை நம்பாமல், டிஸ்க்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை படித்து, ஒவ்வொரு வகை ஃபைலும் தொடங்கும் அடையாளத்தைத் தேடும். சின்ன போன்களின் குரல் பதிவுகள் ஏஎம்ஆர் வகை. முதல் ஆறு பைட்டிலேயே தன் பெயரைச் சொல்லிக்கொண்டு தொடங்கும், அதனால் கண்டுபிடிப்பது சுலபம். ஆனால் அதற்குள் ஒரு வருஷம் அந்த லேப்டாப்பில் படம் பார்த்திருக்கிறார்கள், கேம் ஏற்றியிருக்கிறார்கள். பதினான்கில் மூன்று கிடைத்தது. இரண்டில் வெறும் இரைச்சல். ஒன்றில் தாத்தா குரல் நாற்பது செகண்ட் போலத் தெளிவாக இருக்கிறது. ஒரு பாதையைச் சொல்லத் தொடங்கி, சில்வர் ஓக் மரம் ஒன்றை அடையாளம் சொல்லிவிட்டு, "அங்கிருந்து" என்கிறார். அத்தோடு நிற்கிறது.

ஃபைல் போய்விட்டது என்று தெரிந்த நிமிஷத்தில் அந்தக் கம்ப்யூட்டரை அணைத்து டிஸ்க்கைத் தொடாமல் வைத்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். அதையும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான்.

இப்போது மே மாதத்துக்கு வருகிறேன். பிள்ளை சேலத்தில் பிசிஏ படிக்கிறான். செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கியிருக்கிறான், விண்டோஸ் 10, 64 பிட். லீவுக்கு மலைக்கு வரும்போது ஹாஸ்டல் நண்பனின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மூன்று இலவச கேம்களைக் காப்பி செய்துகொண்டு வந்திருந்தான். மூன்றும் ஓடவில்லை. "மாமா, ஃபார்மேட் பண்ணிரலாமா?" என்று கேட்டான். எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

முதல் கேம் கேட்டது டி3டிஎக்ஸ்9_43.டிஎல்எல். இது ரொம்பக் குழப்புகிற எரர். டிஎக்ஸ்டயாக் என்று டைப் செய்து பார்த்தால், உங்களிடம் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறது என்று காட்டும். அப்புறம் ஏன் 9-ஐக் கேட்கிறது? காரணம், இது டைரக்ட்எக்ஸின் உடம்பு இல்லை, கூடவே வந்த ஒரு உதவிப்பெட்டி. 2005-க்கும் 2010-க்கும் இடையில் மைக்ரோசாஃப்ட் இந்த உதவிப்பெட்டியை 24-லிருந்து 43 வரை எண் போட்டு ஒவ்வொன்றையும் தனி ஃபைலாக வெளியிட்டது. 41-ஐக் கேட்கிற கேமுக்கு 43 ஆகாது, 41-தான் வேண்டும். பிறகு அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டார்கள். விண்டோஸ் 10, 11-லும் இவை உள்ளே வருவதில்லை. எல்லா எண்களும் சேர்ந்த கடைசிப் பொதி 2010 ஜூன் மாதத்தது, சுமார் 95 எம்பி, இன்றைக்கும் அதுதான் வழி. ஒரு பொறி இருக்கிறது: அதை ஓட்டினால் "எந்த ஃபோல்டரில் பிரித்து வைக்கட்டும்?" என்று கேட்டு, பிரித்து வைத்துவிட்டு அமைதியாகிவிடும். பலர் அத்தோடு முடிந்தது என்று நினைத்து, மருந்து வேலை செய்யவில்லை என்பார்கள். பிரித்த ஃபோல்டருக்குள் போய் டிஎக்ஸ்செட்டப் என்பதை ஓட்ட வேண்டும்.

வாழவந்தியில் அக்கா வீட்டுக்குள் டவர் ஒரு கோடுதான். மாடிப்படியின் மூன்றாவது படியில் நின்றால் இரண்டு கோடு. 95 எம்பி என்பது அங்கே ஒரு சாயங்காலம். அதற்குள் எனக்கு ஒன்று தோன்றி, கேம் ஃபோல்டரையே தேடிப் பார்த்தோம். 'காமன்ரீடிஸ்ட்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அதே டைரக்ட்எக்ஸ் பொதி, விஷுவல் சி++ பொதிகள் எல்லாம் அடுக்கி வைத்திருந்தது. ஒழுங்காக இன்ஸ்டால் செய்திருந்தால் இவற்றையும் சேர்த்து ஏற்றியிருக்கும். ஃபோல்டரை மட்டும் காப்பி செய்ததால் அந்த வேலை நடக்கவில்லை. மாத்திரை பாக்கெட்டிலேயே இருந்தது. கேமின் ஃபோல்டரில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் நெட்டுக்குப் போங்கள்.

இரண்டாவது கேமில் விசிரன்டைம்140_1 இல்லை என்று வந்தது. இந்த எண்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 90 என்றால் விஷுவல் சி++ 2008, 100 என்றால் 2010, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. அடுத்து 130 இல்லை, நேராக 140. அமெரிக்காவில் 13-வது மாடி இல்லாத கட்டிடங்கள் உண்டு என்பார்கள், இங்கேயும் 13-ஐத் தாண்டிவிட்டார்கள். 2015, 2017, 2019, 2022 எல்லாமே 140-ஐத்தான் பகிர்ந்துகொள்கின்றன. கடைசியாக வந்த பொதி ஒன்றைப் போட்டால் இவை எல்லாவற்றுக்கும் சேரும். அவனிடம் 140 ஏற்கெனவே இருந்தது, ஆனால் பழையது. அந்த '_1' பின்னால் சேர்ந்த ஃபைல். புதிய பொதியை மேலே போட்டதும் கேம் திறந்தது. 64 பிட் விண்டோஸ் என்றாலும் 32, 64 இரண்டு பொதிகளையும் போட்டு வையுங்கள். எந்தக் கேம் எதைக் கேட்கும் என்று தெரியாது.

இன்னொரு விசித்திரம். 64 பிட் விண்டோஸில் 'சிஸ்டம்32' என்ற ஃபோல்டரில் இருப்பது 64 பிட் ஃபைல்கள். 32 பிட் ஃபைல்கள் இருப்பது 'சிஸ்வாவ்64' என்ற ஃபோல்டரில். எழுத்துப்பிழை இல்லை, உண்மையிலேயே அப்படித்தான். பழைய புரோகிராம்கள் சிஸ்டம்32 என்ற பெயரை உள்ளேயே எழுதி வைத்திருந்ததால் பெயரை மாற்ற முடியாமல் போனது. தனி டிஎல்எல்-ஐ இறக்கிக் கையால் போடுகிறவர்கள் சறுக்குகிற இடம் இதுதான். 32 பிட் ஃபைலை சிஸ்டம்32-ல் போடுவார்கள், பெயரைப் பார்த்து. சரியான கேம்களும் அதற்குப் பிறகு 7பி சொல்லத் தொடங்கும்.

தனி டிஎல்எல் தளங்களை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் இது மட்டுமில்லை. யார் தொகுத்தது, உள்ளே என்ன சேர்த்தது என்று தெரியாத ஒரு ஃபைலை நம் கையாலேயே ஓஎஸ்ஸின் உள்ளறைக்கு அழைத்துப்போய் உட்கார வைக்கிறோம். கிராக் செய்த கேம்கள், கீ ஜெனரேட்டர்கள் விஷயம் இதைவிட மோசம். 2018-லிருந்து ஸ்டாப் என்ற ரான்சம்வேர் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள் வந்தது. உள்ளே வந்ததும் படம், பாட்டு, பிராஜெக்ட் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இலவசமாக ஒரு திறவுகோல் மென்பொருள் வெளியிட்டது, அதன் பல வகைகளுக்கு அது உதவியது. ஆனால் தாக்கிய கம்ப்யூட்டருக்கென்று தனிச்சாவியை நெட் வழியாக வாங்கிப் பூட்டிய புதிய வகைகளுக்கு அதுவும் உதவாது. ஆன்டிவைரஸ் ஒரு கேம் ஃபைலைத் தூக்கிவிட்டால் "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டுப் போடு" என்று சொல்கிற யூடியூப் அண்ணன்கள், அடுத்த நாள் ஃபைல் பூட்டிக்கொண்டால் போன் எடுக்க மாட்டார்கள்.

மூன்றாவது கேம் எந்தப் பெட்டியும் காட்டவில்லை. டபுள் கிளிக், ஒரு கணம் கறுப்பு, மறுபடி டெஸ்க்டாப். இந்த மாதிரி மௌனமாகச் செத்துப்போகிற கேம்களுக்கு ஈவன்ட் வியூவரைத் திறக்க வேண்டும். ஸ்டார்ட்டில் அந்தப் பெயரைத் தேடினாலே வரும். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். கேம் விழுந்த நேரத்துக்கு நேரே சிவப்பாக ஒரு வரி, ஈவன்ட் ஐடி 1000 என்று இருக்கும். அதில் இரண்டு விஷயம் பார்த்தால் போதும். எந்த மாட்யூலில் விழுந்தது, எந்த எண்ணோடு விழுந்தது. மாட்யூல் பெயர் கிராஃபிக்ஸ் கார்ட் கம்பெனி ஃபைலாக இருந்தால், முதலில் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் நம்பரை வைத்துத் தேடுவது உத்தமம். கேமின் சொந்த ஃபைலாக இருந்தால் கேம் ஃபைல் ஏதாவது சேதமாகியிருக்கலாம், காப்பி செய்ததில் அறுந்திருக்கலாம். என்டிடிஎல்எல் என்று இருந்தால் அதிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரியாது, எல்லாரும் கடைசியில் விழுகிற குழி அது.

எங்களுக்கு வந்த எண் 1டி-யில் முடிந்தது. அதன் அர்த்தம், கேம் கொடுத்த ஒரு கட்டளை இந்த ப்ராஸஸருக்குப் புரியவில்லை என்பது. 2011 முதல் இன்டெல் ப்ராஸஸர்களில் ஏவிஎக்ஸ் என்று ஒரு கட்டளைத் தொகுப்பு வந்தது. ஆனால் பென்டியம், செலரான் என்ற பெயரில் விலை குறைவாக விற்ற பலவற்றில் அதை அதற்குப் பிறகும் பல வருஷம் கொடுக்கவில்லை. அவன் லேப்டாப் செலரான். கேம் ஏவிஎக்ஸ் இல்லாமல் ஓடாத வகை.

"இதுக்கு என்னா மாமா போடணும்?"

"ஒண்ணும் போட முடியாதுடா. சில்லுலயே இல்ல."

"ஃபார்மேட் பண்ணாலும்?"

"பண்ணாலும்."

அவன் முகம் விழுந்துவிட்டது. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். உண்மையிலேயே தீராத எரர்கள் சில இருக்கின்றன, அவற்றையும் தெரிந்து வைத்துக்கொண்டால் காசும் ஃபைலும் மிச்சம். அவன் அக்கா காலத்துச் சிடி ஒன்றை எடுத்து வந்தான், இதாவது ஓடுமா என்று. அதுவும் ஓடவில்லை, காரணம் வேறு. 2000-ங்களில் வந்த பல சிடி கேம்களில், ஒரிஜினல் சிடிதானா என்று சோதிக்க சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அது எஸ்இசிடிஆர்வி என்ற டிரைவரை ஓஎஸ்ஸின் கருவறைக்குள் வைத்து வேலை செய்தது. அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் விண்டோஸ் 10-ல் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவே இல்லை. 2015 செப்டம்பரில் வந்த அப்டேட் மூலம் விண்டோஸ் 7, 8-லும் முடக்கிவிட்டது. காசு கொடுத்து ஒரிஜினல் சிடி வாங்கியவர்கள்தான் இதில் அடிபட்டார்கள். திருட்டு சிடி வாங்கியவர்களுக்குப் பூட்டே இல்லையே! ஆனாலும் அந்த டிரைவரைத் திரும்ப உள்ளே விடுவதைவிட, அதே கேமை இப்போது பூட்டு இல்லாமல் விற்கிற கடையில் வாங்குவது நல்லது. அதைவிடப் பழைய, 16 பிட் இன்ஸ்டாலரோடு வந்த சிடிகளை 64 பிட் விண்டோஸ் பெரும்பாலும் தொடாது. அவற்றுக்கு டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டர்தான் வழி.

மூன்று கேமில் இரண்டு ஓடியது. ஒன்று பஸ் கேம். மலைப்பாதையில் ஓட்டிக் காண்பித்தான். "இதெல்லாம் ஒரு வளைவா மாமா, நம்ம சேலம் ரோட்டுல இருபது இருக்கு" என்றான். அக்கா அடுப்படியிலிருந்து, "அதுலயாச்சும் மெதுவா ஓட்டுறா" என்றாள். ராத்திரி நான் அந்த நாற்பது செகண்ட் ஃபைலை அவன் லேப்டாப்பிலும், ஒரு பென்டிரைவிலும், மாமா போனிலும் போட்டேன். மாமா ஒரு தரம் கேட்டார். அந்தச் சில்வர் ஓக் மரம் எது என்று தனக்குத் தெரியும், காலையில் கூட்டிப்போகிறேன் என்றார். அங்கிருந்து பாதை எந்தப் பக்கம் என்பதில் மட்டும் அவருக்கே சந்தேகம்.

போன வாரம் ஹாஸ்டலிலிருந்து பிள்ளை போன் செய்தான்.

"மாமா, இங்க ஒருத்தன் லேப்டாப்ல 142-னு முடியற எரர். கடைக்கு எடுத்துட்டுப் போறேங்கறான். ஓஎஸ் போயிருச்சாம்."

142 என்றால் டிஎல்எல் கிடைத்தது, வடிவமும் சரி, ஆனால் எழுந்து வேலையைத் தொடங்கும்போது விழுந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் நடுவில் புகுந்த வேறு ஏதாவது சாஃப்ட்வேர் காரணமாக இருக்கும்.

"அவன் பிராஜெக்ட் ஃபைல் எல்லாம் எதுல இருக்கு?"

"கேட்டுட்டேன் மாமா. காப்பி போட்டு முடிச்சுட்டுத்தான் உங்களுக்குக் கூப்பிடறேன்."

"சரி, ஒருதரம் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லு. ஸ்கிரீன் ரெக்கார்டர், ஓவர்லே ஏதாவது ஓடுதான்னு பாரு. அப்புறம் ஈவன்ட் வியூவரைத் திற. திறந்துட்டு, மாட்யூல் பேரை எனக்குப் படி."